அருளப்பன் அடிக்க மறுத்த வரி

வியாழக்கிழமை காலை செஞ்சியிலிருந்து தந்தி வந்தது. விடுப்பில் ஊருக்குப் போயிருந்த அருளப்பன் நெஞ்சுவலியில் போய்விட்டான். அருங்காட்சியகத்தின் மீன் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் அவனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவனை அறிந்த உங்களிடம் நான் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது.

கொசுப்புழுவைத் தின்பதற்காக மலேரியாக்காரர்கள் கிணறுகளில் கப்பி மீன் விட்டார்களே, அதைத் தேடி ஒருமுறை அவனோடு அவன் ஊரான சிங்கவரத்துக்குப் போனேன். தென் அமெரிக்க மீன். சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினான். கடலைக்கொல்லையிலிருந்து வந்த அவன் சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, பட்டணத்துல மீனே கெடைக்கலியா? இத்த வச்சி எத்தினி பேருக்குக் கொழம்பு ஊத்துவே?"

"கொழம்புக்கில்ல சித்தப்பா, புட்டிக்கு."

ஆறு மீன் பிடித்தான். ஊர், கிணறு, நாள் எல்லாவற்றையும் படியில் நின்றே எழுதிவிட்டுத்தான் மேலே வந்தான்.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று, தென் அமெரிக்க ஓடையில் பிடித்த அதே இன மீன்கள் ஆறை எங்களுக்கு அனுப்பியிருந்தது. மீன் கெடாமலிருக்கப் புட்டியில் ஊற்றும் ஸ்பிரிட்டை மாற்றும்போது, பிடித்த இடம் எழுதி உள்ளே போட்டிருக்கும் சீட்டை வெளியே எடுப்போம். அதனால் ஒரு நேரத்தில் ஒரு புட்டியைத்தான் திறக்கவேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அருளப்பனுக்கு நல்ல ஜுரம். தன் ஊர்ப் புட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். மறுநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வெளிநாட்டுப் புட்டியை நான் திறந்தேன். மீன்களைத் தட்டுகளில் கொட்டி, சீட்டுகளை ஒன்றாக வைத்தேன். பிறகு எது எதனுடையது என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "ரெண்டையும் தொறந்து வச்சிட்டுப் போய்ட்டனே!"

ஜுர மயக்கத்தில் தானே இரண்டையும் திறந்ததாக நினைத்துவிட்டான். இரண்டாவதைத் திறந்தது நான் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

அன்றே பதிவேட்டில் எழுதினான்: "இரு புட்டிகளுக்கும் பிடித்த இடம் உறுதியில்லை. தவறு என்னுடையது." அதிகாரி அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, "அந்த வரிய அடிச்சிடுப்பா. ரெண்டும் ஒரே மீன்தானே. பதவி உயர்வு வர்ற நேரம்" என்றார்.

"மீனு ஒண்ணுதான் சார், ஊரு வேற. ஊரு தப்பானா அது வெறும் செத்த மீனு."

அடிக்கவே இல்லை. பதவி உயர்வு எனக்கு வந்தது. முதலில் கைகொடுத்தவன் அவன்தான்.

அடக்கம் முடிந்த பிறகு அவன் மனைவி மேரி சொன்னாள்: "அந்த ரெண்டாவது புட்டிய எப்பத் தொறந்தேன்னே நெனப்பு வரலன்னு, சோறு துன்றப்ப கூட சொல்லிகினு இருப்பாருண்ணா."

அங்கேயே உண்மையைச் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? அவருகிட்ட இல்ல சொல்லியிருக்கணும்?"

அவனிடம் இனிச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை அவன் வரிக்குக் கீழே, இரண்டாவது புட்டியைத் திறந்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்திடப் போகிறேன். பதவி போனால் போகட்டும். தப்பைத் தன் பேரில் எழுதும் அவனுடைய துணிச்சல், அது ஒன்றைத்தான் அவனிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். அவன் உயிரோடு இருந்தபோதே எடுத்திருக்கவேண்டும்.