தண்ணீர் மட்டும் ஊற்றும் கோப்பை

எங்கள் குசினியில் ஒரு எனாமல் கோப்பை இருக்கிறது. விளிம்பில் நீலக் கோடு. கைபிடியோரம் எனாமல் பெயர்ந்து கறுத்துப்போன தழும்பு. அதைத் தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி என் மகள் ஓய்ந்துவிட்டாள். அதில் நாங்கள் தேத்தண்ணி ஊற்றுவதில்லை, தண்ணீர் மட்டும்தான். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றாத கோப்பை ஒன்று இருக்கிறது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. ஒரே தடவையாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

அது என் மாமியாரின் கோப்பை. தோட்டங்களைக் கம்பெனிகளின் கையில் கொடுத்த காலத்தில், நிவித்திகலைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு நான் மருமகளாகப் போனேன். மாமியார் குள்ளம். நடை வேகம். பேசினால் அடுத்த லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் கேட்கும். விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். அங்கே முதல் ஆளாகப் போய் நிற்பவர் அவர்தான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எதற்கும் "இந்தா புள்ள" தான். அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். எனக்கு நாத்தனாராக இருந்திருக்க வேண்டியவள், நான் வருவதற்கு முன்பே முதல் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புதுப்பெண், நானும் கேட்கவில்லை.

நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும் லயத்தில் இருந்த அத்தனை பேரும் டாக்டர்களாகிவிட்டார்கள். அப்பப்பா, எத்தனை சட்டம்! பப்பாசி தின்றால் கரு கலையும். அன்னாசியும் அப்படித்தான். முட்டை சூடு. கருவாடு தின்றால் பிள்ளைக்குச் சொறி வரும். மரவள்ளி வாய்வு. பலாக்காய் மந்தம். எங்கள் பக்கத்தில் காசு கொடுக்காமல் கிடைப்பதே பலாக்காயும் மரவள்ளியும்தான். அதையும் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன? கோதுமை மா ரொட்டி, கொச்சிக்காய்ச் சம்பல், வெறுந்தேத்தண்ணி. அதையாவது வயிறு நிறையத் தின்னலாம் என்றால் அதற்கும் மாமியார் விடமாட்டார். "முட்ட முட்டத் தின்னா புள்ளைக்கு எடம் எங்க இருக்கு? பெருத்துப் போச்சுன்னா பெறப்போறது நீயா நானா?" என்பார். கிளினிக்குக்குப் போனால் அங்கே வேறு பாட்டு: கீரை தின்னு, மீன் தின்னு, நாளுக்கொரு முட்டை தின்னு. தலையாட்டிவிட்டு வருவேன். இரண்டு பக்கமும் தலையாட்டியே கழுத்து வலித்தது.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு மலையேறுவேன். சப்பிரகமுவ மழைக்கு அட்டைக்குப் பஞ்சமில்லை. இருக்கிற கொஞ்ச ரத்தத்தில் அதுவும் பங்கு கேட்கும். மத்தியானத்துக்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். மழை பெய்து விட்டால் லயத்துக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டு வாசம் என்னைப் பிடித்து இழுக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் செம்மண்ணை ஒரு விரலில் எடுத்து வாயில் வைத்துக்கொள்வேன். ரத்தம் குறைந்த உடம்பு அப்படித்தான் கேட்கும் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்கு வெட்கமாக மட்டும்தான் இருந்தது.

கிளினிக்கில் ரத்த மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே மாமியார் பொட்டலத்தைப் பிடுங்கி மழைத்தண்ணீர் ஓடும் கானில் கொட்டிவிட்டார். "இந்தச் சனியன் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று ஒரே கத்தல். நான் அரண்டு போனேன். மறுநாள் மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த அக்காதான் விஷயத்தைச் சொன்னார். "கோவிச்சுக்காத தங்கச்சி. அவங்க மக அந்த மாத்திரைய ஒருநாளும் விட்டதில்ல. பெரட்டுக்குப் போக முந்தி அவங்களே முன்னால நின்னு, அந்த நீலக்கோட்டுக் கோப்பையில தேத்தண்ணி ஊத்திக் குடுத்து முழுங்க வச்சிட்டுத்தான் போவாங்க. அப்பிடி முழுங்கியும் ரத்தமில்லாமத்தானே செத்தா. அதுக்கப்புறம் மாத்திரையக் கண்டாலே அவங்களுக்கு ஆவாது." அதைக் கேட்டபின் மாமியார் மேல் இருந்த கோபம் எனக்கு வடிந்துவிட்டது. ஆனால் பயம் வந்துவிட்டது.

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸி என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். மிஸ்ஸி என்றால் எங்கள் பகுதி மருத்துவச்சி. சிங்களப் பெண், தமிழ் அரைகுறை, மனசு முழுசு. "லே மதி" என்றார். ரத்தம் போதாது. இப்படியே போனால் இரத்தினபுரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டும், பிள்ளை பெறும்போது ரத்தம் போனால் உன் உடம்பு தாங்காது என்று சிங்களத்திலேயே வெளுத்து வாங்கினார். மாத்திரை குடிக்கிறாயா என்றார். வீட்டு மானம் போகுமே என்று, குடிக்கிறேன் என்றேன். எதோடு குடிக்கிறாய் என்று கேட்டார். நாக்கு தானாகச் சொன்னது: "தேத்தண்ணியோட."

மிஸ்ஸி தலையில் கை வைத்துக்கொண்டார். "அனே! இந்தத் தோட்டத்தில எல்லாரும் ஒரே வேலதான்!" தேத்தண்ணியின் சாயம் மாத்திரையின் சத்தை உடம்பில் சேரவிடாது, வெறுந்தண்ணீரில் முழுங்க வேண்டும், முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் தேத்தண்ணியைத் தொடக்கூடாது என்றார். புதுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். நான் தலையாட்டினேன். மேட்டில் பாதி வழி ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நீலக்கோட்டுக் கோப்பை. தேத்தண்ணி. ஒருநாளும் விட்டதில்லை. அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

மாத்திரை குடித்தால்தான் எனக்கும் பிள்ளைக்கும் உயிர். குடிக்க வேண்டுமென்றால் மாமியார் விட வேண்டும். அவர் விட வேண்டுமென்றால், மாத்திரை பொய்யில்லை, நீங்கள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணிதான் அதைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். பெற்ற தாயிடம் அதை எந்த வாயால் சொல்வது? அவள் சாவுக்கு அது ஒன்றுதான் காரணமென்று யாருக்குத் தெரியும்? ரத்தப்போக்கு வந்தால் தெம்பானவளும் போகிறாள். ஒரு கோபம் மட்டும் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. காலை முதல் இரவு வரை தேத்தண்ணியிலேயே கிடக்கிற சனத்துக்கு மாத்திரையைக் கொடுத்தவர்கள், அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா?

நான் சொல்லவில்லை. மாத்திரையைச் சேலை முடிச்சில் ஒளித்துவைத்து, பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது முழுங்கிக்கொண்டேன். அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் மிஸ்ஸி வீட்டுக்கே வந்துவிட்டார். மாமியார் வாசலில் பலகை போட்டு உட்காரவைத்து, வெறுந்தேத்தண்ணி கொடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்தார். எங்கள் வீடுகளில் அப்படித்தான். சீனியைக் கோப்பையில் போட்டால் கட்டுப்படியாகாது. கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். மிஸ்ஸி ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "அம்மே, மகளுக்கு மாத்திரை குடுக்கிறப்ப இது குடுக்க எப்பா, வேணாம். தேத்தண்ணி கூட குடிச்சா மாத்திரை வேல செய்யாது. தண்ணி மட்டும்" என்றார்.  கேத்தலைப் பிடித்தபடி நின்றார் மாமியார். அவர் குரலா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாகக் கேட்டார்: "இப்பத்தான் அப்பிடியா மிஸ்ஸி? முந்தியுமா?"

"எப்பவும் அப்பிடித்தான் அம்மே" என்றார் அந்தப் பாவப்பட்ட பெண். அவருக்கு என்ன தெரியும்?

மாமியார் உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். அழவில்லை.  மறுநாள் விடிந்ததும் என் முன்னால் வந்து நின்றார். ஒரு கையில் நீலக்கோட்டுக் கோப்பை, அதில் ஆறவைத்த சுடுதண்ணீர். மறு கையை நீட்டி மாத்திரையைக் கேட்டார். ஒளித்து வைத்திருப்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். அவர் கையால் என் வாயில் போட்டு, நான் முழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார். மகள் பிறக்கும் வரை அது தவறவில்லை. மரவள்ளி, பலாக்காய் சட்டமெல்லாம் எங்கே போயின என்று தெரியாது. எங்கிருந்தோ முட்டைகூட வந்தது. "தின்னு புள்ள, நல்லாத் தின்னு" என்றார். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். நானும் பிழைத்துக்கொண்டேன்.

போர் முடிந்த வருடம் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒருநாள் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, யாரிடமோ பேசுகிற மாதிரிச் சொன்னார்: "அந்தப் புள்ள தண்ணிதான் கேட்டா. கசக்குதும்மா, தண்ணி தாங்கன்னு கேட்டா. நாந்தான் கசப்பு தெரியக் கூடாதுன்னு, தேத்தண்ணியில சீனியக் கரச்சுக் குடுத்தேன்."

கையில் வைத்துக் கொடுக்கவே யோசிக்கிற சீனியை அவளுக்காகக் கோப்பையில் கரைத்திருக்கிறார்.  "அதனால இல்லத்தே. அவளுக்கு விதி முடிஞ்சிருச்சு" என்றேன்.

"நீ அப்பிடித்தான் சொல்லுவ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். கொழும்பில் தையல் கம்பெனியில் வேலை செய்தவள். எதைத் தின்ன வேண்டும், எதைத் தின்னக்கூடாது என்பதையெல்லாம் போனிலேயே பார்த்துவைத்திருக்கிறாள். நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அது ஒரு நிம்மதிதான். இன்று காலையில் மாத்திரையை வாயில் போட்டவள், "அம்மா, கசக்குது, தண்ணி தாங்க" என்று கையை நீட்டினாள். நீலக்கோட்டுக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். மடமடவென்று குடித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா, வெறும் தண்ணி குடிக்கிறத இப்பிடி நின்னு பாக்குறீங்க?"