கொழுந்தனுக்கு வைக்காத மொச்சை

எங்கள் அடுப்படியில் இரண்டு கலயங்கள் இருந்தன. ஒன்றில் மொச்சை, மற்றொன்றில் தட்டைப்பயறு. காரக்குழம்புக்கு எதைப் போடுவது என்று மாமியாரும் மருமகளும் முறுக்கிக்கொள்கிற வீடுகள் அறந்தாங்கிப் பக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழாது. கொழுந்தனுக்கு மொச்சை என்றால் உயிர். அதனால் என் மாமியார் மொச்சையைத்தான் ஊறப்போடுவார். எனக்குத் தட்டைப்பயறு பிடிக்கும் என்று நான் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தாலும் எடுபட்டிருக்காது.

கொழுந்தன் ரங்கூனுக்குக் கடை வேலைக்குப் போனான். யுத்தம் வந்து அங்கே குண்டு விழுந்ததும் நம் ஊர்க்காரர்கள் காடும் மலையுமாக நடந்தே திரும்பினார்கள். அவனைக் காய்ச்சலோடு ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வந்ததாக அவர்களில் ஒருவர் சொல்லி அழுதார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆடி அமாவாசை நெருங்கியபோது மாமனார், "பசியோட அலையவிடாத. அவனுக்கும் எலை போட்டுரு" என்றார். அன்று அத்தை அந்தக் கலயங்களுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தட்டைப்பயறைப் போட்டால் அது யாருக்கோ வைத்த படையல். மொச்சையைப் போட்டால் மகன் செத்துப்போனான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது போல. கடைசியில் மொச்சைக் கலயத்தில்தான் கையை விட்டார். குழம்பை இலையில் ஊற்றி, அவன் பேரைச் சொல்லி, "வந்து தின்னுட்டுப் போப்பா" என்று கூப்பிட்டார்.

புரட்டாசியில் அவன் வந்து நின்றான். தாடியும் எலும்புமாக வாசலில் நின்றவனை அத்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் அவன் கால்களைப் பார்த்தார், தரையில் பாவுகிறதா என்று. பிறகுதான் கதறினார்.

"மொச்சைக் கொழம்பு வையி ஆத்தா. வழியெல்லாம் அந்த நெனப்புத்தான்," என்றான்.

அத்தை தட்டைப்பயறுக் குழம்பு வைத்தார். என்னை ஓரமாக இழுத்து, "அவன் பேருக்கு ஒருக்கா வச்சுட்டேன் தாயி. இப்ப அவனே தின்னா, அன்னைக்கி வச்சது நெசமாயிரும்," என்றார். இப்படி ஒரு சாத்திரம் எந்த ஊரிலும் கிடையாது. அத்தையின் பயமே உண்டாக்கிக்கொண்டது. படையலைப் பற்றி அவனிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். அவன் மொச்சை கேட்கும்போதெல்லாம், வண்டு விழுந்துவிட்டது, இந்த வருஷம் காய்ப்பு இல்லை என்று சமாளிப்போம். அவன் சாப்பிட்டு எழும்வரை அத்தை எதிரே உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா சொல்லக்கூடாது, அவன் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றால் எனக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

சில வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. விஷயம் தெரியாத புதுப்பெண், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த மொச்சையில் எங்களைக் கேட்காமலே குழம்பு வைத்துவிட்டாள். அத்தை வயலிலிருந்து வந்தபோது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அத்தை அவன் கையைத் தட்டிவிட்டு, இலையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தார். சட்டியில் மிச்சம் இருந்ததையும் வழித்தார். கண்ணில் நீர் ஓடியது. காரம் என்றார்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மொச்சை மேல இம்புட்டு ஆசையா ஆத்தா? இத்தன நாளும் சொல்லலையே!"

அடுத்த தை பிறக்குமுன் அத்தை காய்ச்சலில் போய்விட்டார். வெறும் காய்ச்சல்தான், அந்த வருஷம் ஊரில் பலருக்கும் வந்தது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கொழுந்தன் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறான். ஆடி அமாவாசைதோறும் அத்தைக்கு இலை போடும்போது பக்கத்தில் வந்து நிற்கிறான். மொச்சைக் குழம்பைக் கொஞ்சம் அவனுக்கு எடுத்துவைக்கட்டுமா என்று புதிதாக வந்த மருமகள் யாராவது கேட்டால் நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். அவன் என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

"ஆத்தா ஆசப்பட்டத, சின்னதுலேருந்து நானே கேட்டுக் கேட்டுத் தின்னு ஆத்தாவ வாயக் கட்டவச்சுட்டேன் மதினி. முழுசும் ஆத்தாவுக்கே ஊத்துங்க. எனக்கு ஒரு மொச்சகூட வேணாம்."