மகளை அறைந்த பிறகு தெரிந்துகொண்டது

பிளஸ் டூ அரையாண்டுக் கணக்குப் பரீட்சை நாளில் என் மகள் பள்ளிக்குப் போய்ச் சேரவில்லை. சிங்கவரத்தில் பஸ் ஏறியவள், செஞ்சியில் இறங்காமல் தூங்கிவிட்டாள். கண்டக்டரும் கவனிக்கவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாரோ எழுப்பிவிட, அவர்களுடைய போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

பைக்கில் போனேன். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். அத்தனை பேர் நடுவில் அறைந்துவிட்டேன்.

"வேணும்னேவா தூங்கினேன்? ராத்திரி தூக்கமே வரலப்பா" என்றாள்.

"செல்போன நோண்டுனா எப்படி வரும்?" என்று கத்தினேன்.

அடுத்த வாரம் என் நைனாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். எழுபத்தாறு வயது. ஏழு மணிக்கே படுத்து, இரண்டு மணிக்கு எழுந்துவிடுவார். "கண்ணு மூடவே மாட்டேங்குதும்மா. தூக்க மாத்திரை குடு" என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினார்.

"குடுத்தா தடுமாறி விழுந்துடுவீங்க" என்று மறுத்துவிட்டு, அந்த அம்மா எனக்கு விளக்கினார். மெலடோனின் என்று ஒன்று மூளையில் சுரந்தால்தான் உடம்புக்கு ராத்திரி என்று தெரியுமாம். பிறந்த குழந்தைக்கு அது சரியாகச் சுரக்காது. சில மாதம் ஆகும். சின்ன வயதில் நிறைய இருக்கும். வயதானால் குறைந்துவிடும்.

"பதினாறு, பதினேழு வயசுல?" என்று கேட்டேன்.

"அப்ப லேட்டா சுரக்கும். செல்போன் வெளிச்சம் இன்னும் தள்ளிப்போடும். ஆனா போனே இல்லன்னாலும் அந்த வயசுல சீக்கிரம் தூக்கம் வராது. காலையில எழுப்புனா அதுங்களுக்கு அது நடு ராத்திரி மாதிரி."



மறுநாளே பள்ளிக்குப் போய், காலை ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸிலிருந்து மட்டும் அவளை விட்டுவிடச் சொன்னேன். ஆசிரியர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாப் பசங்களுக்கும் தூக்கம் வருது சார். ஒருத்திய விட்டா மத்தவங்களுக்கு இன்னா சொல்றது?"



வீட்டுக்கு வந்து மகளிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அடித்தது தப்பு என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அப்ப கிளாஸ் டைம மாத்துவாங்களா?" என்றாள்.

"மாட்டாங்களாம்."

காலை கிளாஸுக்கு அலாரம் வைத்தாள். அன்றிலிருந்து அவளைப் பஸ்ஸில் அனுப்புவதில்லை; பைக்கில் நானே கொண்டுபோய் விடுகிறேன். பின்னால் உட்கார்ந்ததும் அவளுக்குக் கண் சொருகுகிறது. விழுந்துவிடக் கூடாதே என்று துப்பட்டாவால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மெதுவாக ஓட்டுகிறேன்.