குளியலறையில் ஸ்டெய்னுன்

"நீச்சலுடையைக் கழட்டிட்டுக் குளிங்கம்மா" என்கிறார் ஸ்டெய்னுன். வெளிநாட்டுப் பெண்மணி சிரித்து மழுப்பப் பார்க்கிறார். ஸ்டெய்னுன் சிரிப்பதில்லை, சோப்புப் புட்டியை நீட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறார். ஐஸ்லாந்தில் பிரதமரே வந்தாலும் அம்மணமாகச் சோப்பு போட்டுக் குளித்த பிறகுதான் பொது நீச்சல் குளத்தில் இறங்கலாம்.

பெண்கள் குளியலறைக்கு இவர்தான் காவல். நீலச் சீருடை, ரப்பர் செருப்பு, கன்னத்தில் எப்போதும் ஒரு அதிமதுர மிட்டாய். ஆட்களை முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். "நேத்து உங்க முதுகைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று பாதிரியாரம்மாவை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

போன வாரம் பக்கத்துத் தெரு ஸ்வாலா வந்தாள். கையில் இன்னும் பெயர் வைக்காத கைக்குழந்தை. உடை மாற்றாமல் பெஞ்சோரம் நின்றாள்.

"புள்ளைக்கு உடம்பு கொஞ்சம் வேற மாதிரிக்கா. ஆணுன்னும் சொல்ல முடியல, பொண்ணுன்னும் சொல்ல முடியல. ஆரோக்கியமாத்தான் இருக்கு, கத்தி வைக்க வேண்டியதில்லன்னுட்டார் டாக்டர். அது வளந்து தானா கேக்காம தொடக்கூடாதுன்னு சட்டமே இருக்காம். எங்க வீட்டுக்காரருதான் வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் முடிச்சிடலாம்ங்கறாரு. பள்ளிக்கூட நீச்சல் வகுப்புல எல்லாரும் பாப்பாங்களாம்."

"யாரு பாக்கப்போறா? பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவ நான் ஒருத்திதான். எனக்கே சலிச்சுப்போச்சு."

"உங்களுக்கென்னக்கா, சொல்லிடுவீங்க. எனக்குப் பயமா இருக்கு. சரின்னு சொல்லிடுவேன் போலிருக்கு."

ஸ்டெய்னுன் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். அவரும் அப்படிப் பிறந்தவர்தான். அப்போது சட்டமாவது ஒன்றாவது! விவரம் தெரியுமுன்பே அறுத்துத் தைத்துவிட்டு, குடலிறக்கம் என்று சொல்லி வைத்தார்கள். குளிர் நாட்களில் தழும்பு இன்னும் சுருக்கென்று இழுக்கும். ஊரையே குளிக்க வைப்பவர், ஊரார் முன் ஒருநாளும் குளித்ததில்லை. கதவைப் பூட்டிய பிறகுதான் அவர் மேல் தண்ணீர் படும். பாவம், அதை யாரும் கவனித்ததுகூட இல்லை.

சீருடையைக் கழற்றினார். உள்ளாடையையும் கழற்றிப் பெஞ்சில் மடித்து வைத்தார். தங்கள் மருமகள்களைப் பற்றிப் பேசியபடி குளித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு நடுவே போய் நின்று ஷவரைத் திறந்தார். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். மருமகள்களுக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை.

ஸ்வாலா தழும்பைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஸ்டெய்னுன் முழங்கையால் வெந்நீரைத் தொட்டுப் பார்த்தார். சூட்டைச் சற்றுக் குறைத்தார். பிறகு, குழந்தையை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினார்.