அதே உச்சரிப்பு, வேறு குடும்பம்

அந்தக் கல்லில் பிழையான எழுத்தை வெட்டியவன் நான்தான். முதலாளியைத் திட்டத் தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவரை நன்றாகத் திட்டப்போகிறேன்.

ஷாஃப்ஹவுசன் நகரில் கல்லறைக் கற்கள் செய்யும் ஒரு பட்டறையில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். எழுத்துகளைக் கணினியில் அமைத்தால் ஓர் இயந்திரம் அதை ரப்பர் தாளில் வெட்டித் தரும். தாளைக் கல்லில் ஒட்டி மணலை வேகமாகப் பீச்சுவோம். ரப்பர் இல்லாத இடம் மட்டும் குழியாகும். கணினி முதலாளியுடையது, மணல் என்னுடையது. அதுதான் எங்கள் வேலைப் பங்கீடு.

போன வருடம் மார்ச் மாதத்தில் ஒரு ஜப்பானியப் பெண் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பொறியியலாளராக இருந்து, புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். அவருடைய சாம்பல் வைத்த குழிக்கு ஒரு சிறிய கல் வேண்டும் என்றார். முதலாளி தொலைபேசியில் இருந்ததால் நான் கதைத்தேன். வளர்ந்த பிறகு ஜெர்மன் படித்தவர்கள் இருவர் கதைப்பது சுகமானது. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில் வருமாம். இரண்டு பேரும் அதை ஜெர்மனிலும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு, ஒருவரையொருவர் திருத்தாமல், நன்றாக விளங்கிக்கொண்டோம்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். தூரிகையால் எழுதிய இரண்டு பெரிய எழுத்துகள். அதுதான் கணவருடைய குடும்பப் பெயர்.

"எங்கள் நாட்டில் பெயர் என்ன என்று கேட்டால் போதாது. எந்த எழுத்து என்றும் கேட்க வேண்டும்," என்றார். "இதே பெயர் லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது. காதுக்கு எல்லாம் ஒன்று. எழுதினால் வேறு வேறு குடும்பம்."

இரண்டாவது எழுத்து ஊதாப் பூக் கொத்தாகத் தொங்கும் ஒரு கொடியைக் குறிக்கும் என்றார். பழைய பெரிய வம்சம் ஒன்றின் அடையாளம் அது. முதல் எழுத்தைச் சொல்லத்தான் அவருக்கு நேரம் எடுத்தது. கடவுளுக்குப் பணி செய்யப் போகிறவர் அதற்கு முன் உடலையும் மனதையும் சுத்தமாக வைத்திருப்பார் அல்லவா, அது என்றார். விரதமா என்று கேட்டேன். விரதமும்தான், ஆனால் அதைவிட அதிகம் என்றார். பிறகு எழுத்தின் அடிப்பகுதியில் விரலை வைத்தார்.

"இது படையல் வைக்கிற பீடம். இந்தப் பீடம் இல்லாமலும் ஒரு எழுத்து இருக்கிறது. உச்சரிப்பு ஒன்றுதான். ஆனால் அதற்கு 'ஒரே சீராக இருப்பது' என்று அர்த்தம். அப்படி எழுதுகிற நல்ல குடும்பங்கள் நிறைய உண்டு. நாங்கள் அவர்கள் இல்லை."

அவர் கணவரின் முன்னோர் ஒருவர், கோயில் பணிக்காக விரதமிருந்த இளவரசியின் மாளிகையில் அதிகாரியாக இருந்தாராம். அது உண்மையோ குடும்பக் கதையோ தனக்குத் தெரியாது என்று சிரித்தார். ஆனால் பதிவு அலுவலகத்தில் யாரோ ஒரு எழுத்தர் பீடத்தை விட்டுவிட்டு எழுதியபோது, மாமனார் மூன்று தடவை ரயிலேறிப் போய் அதைத் திருத்தி எடுத்தது உண்மை என்றார்.

தாளைக் கோப்பில் வைத்தேன். கவலைப்படாதீர்கள் என்று சொன்னேன். சொன்னவன் நான்.

மூன்று கிழமை கழித்து ரப்பர் தாள் என் மேசைக்கு வந்தது. பார்த்தவுடன் ஏதோ குறைகிறது என்று பட்டது. எழுத்து பாரமில்லாமல் இருந்தது, கால் இல்லாத மேசை மாதிரி. கோப்பைத் திறந்தால் அந்தப் பெண்ணின் தாள் இல்லை. முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"ஜெர்மன் எழுத்தில் பெயரைப் போட்டேன். கணினி இதைத்தான் தந்தது," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"அந்த அம்மா தந்தது இப்படி இருக்கவில்லை."

"நீ என்ன ஜப்பானியம் படித்தவனா? அது பழைய எழுத்து, இது புதிய எழுத்தாக இருக்கும். இரண்டும் ஒன்றுதான். வெட்டு."

வெட்டினேன். இதை நினைக்கும்போது இப்போதும் காது சுடுகிறது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும், அந்தப் பெண்ணின் இலக்கம் கோப்பில் இருந்தது. எடுக்கவில்லை. முதலாளி சொல்லிவிட்டார் என்பதற்குள் ஒளிந்துகொண்டேன். இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து பழகிய ஒளிப்பு அது.

கல்லை நட்ட அன்று அந்தப் பெண் சவக்காலைக்கு வந்திருந்தார். முதலில் எங்கள் இருவருக்கும் குனிந்து நன்றி சொன்னார். பிறகு கல்லுக்கு முன்னால் போனார். கொண்டுவந்த பூவை வைக்கவில்லை.

"ஐயா, இது வேறு குடும்பம்," என்றார்.

முதலாளி அதற்குக் கீழே ஜெர்மன் எழுத்தில் வெட்டியிருந்த பெயரைக் காட்டினார். "இதோ, சரியாகத்தானே இருக்கிறது. மேலே இருப்பதும் அப்படித்தானே வாசிக்கும்?"

"வாசிக்கும். ஆனால் அது அவர் இல்லை."

"அம்மா, இந்தச் சவக்காலையில் அதை யார் வாசிக்கப் போகிறார்கள்?"

"நான் வாசிப்பேன்."

அந்த இடத்தில் மனிதத்தன்மை உள்ள ஒருவர் மன்னிப்புக் கேட்டிருப்பார். என் முதலாளி தோளைக் குலுக்கிவிட்டு, எப்படியும் இருபது வருடத் தவணை முடிந்தால் நகரசபை இந்த இடத்தைக் காலி செய்துவிடும், கல்லையும் எடுத்துவிடுவார்கள் என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அதுதான் இன்னும் மோசம். அந்தப் பெண் பூவைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கருவிகளைப் பொறுக்கினேன்.

பட்டறையின் வான் வண்டியில் திரும்பி வரும்போது முதலாளி வானொலியைப் போட்டுவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாளைக்கு எந்தக் கல் முதலில் என்று ஏதோ கேட்டார். அவர் கூப்பிட்டது என் பெயரை அல்ல. என் அப்பாவின் பெயரை.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர், பிறகு என் பெயர், அவ்வளவுதான். அகதியாக வந்து பதிந்த நாளில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார் அதிகாரி. இல்லை என்றேன். எல்லோருக்கும் இருக்கும் என்று சொல்லி அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினார். என் பெயர் நீளம். கட்டம் பாதியில் முடிந்துவிட்டது, அவரும் பாதியில் நிறுத்திவிட்டார். எஞ்சிய முன்பாதி ஒரு பெண்ணின் பெயர். அன்றிலிருந்து எனக்குத் 'திருமதி' என்று கடிதம் வருகிறது. பட்டறை முற்றத்தில் என் அப்பாவின் பெயரைக் கத்திக் கத்தி என்னிடம் மணல் மூட்டை தூக்கச் சொல்கிறார்கள். ஊரில் அப்பாவை அவர் வயதொத்தவர்கள்கூட மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் நாங்கள் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை.

இதை நான் ஒருநாளும் கோபமாக நினைத்ததில்லை. எல்லோருக்கும் நடந்ததுதானே என்று விட்டிருந்தேன். அன்று அந்த வண்டியில் இருந்தபோது அவ்வளவும் ஒரேயடியாக மேலே வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மனிசி பாவம். உங்கட முதலாளி ஒரு மனிசனே? சரி, நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஏன்?"

"என்னத்தைச் சொல்லுறது."

"பிழை எண்டு தெரிஞ்சும் வெட்டிப்போட்டு, பிழை எண்டு அவ சொல்லேக்கையும் பேசாமல் நிண்டிருக்கிறியள். இப்ப எனக்குக் கோபத்தைக் காட்டுறியள். அங்கை போய்க் காட்டுங்கோ."

மறுநாள் காலை வேளைக்கே போய் அந்தத் தாளைத் தேடினேன். முதலாளியின் மேசையிலேயே, கோப்பிக் கோப்பைக்குக் கீழே கிடந்தது. பின்பக்கத்தில் யாருடையதோ சமையலறைக் கல்லின் நீள அகலத்தைப் பேனாவால் எழுதியிருந்தார். கோப்பை வைத்த வட்டக் கறை முதல் எழுத்தின் மேல் ஊறியிருந்தது. அந்தப் பெண் எத்தனை தடவை எழுதிப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கொண்டுவந்திருப்பார்!

முதலாளி வந்ததும் அதை அவர் முன்னால் போட்டேன்.

"இதைப் பாருங்கள். உங்கள் மேசையில்தான் இருக்கிறது என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை?"

"ஓ, அது இங்கேயா இருக்கிறது," என்றார். "சரி, என்ன செய்ய முடியும்? அவர் கையெழுத்திட்ட படிவத்தில் ஜெர்மன் பெயர்தான் இருக்கிறது. அதைச் சரியாகவே வெட்டியிருக்கிறோம்."

என் முதலாளியின் குடும்பப் பெயர் இந்த நாட்டில் மிகச் சாதாரணமானது. நான்கு விதமாக எழுதுவார்கள், உச்சரிப்பு ஒன்று. அவருடையதில் நடுவில் 'இப்சிலோன்' என்கிற எழுத்து, ஆங்கிலத்தின் 'ஒய்', வரும். அதற்குப் பதிலாக 'இ', அதாவது ஆங்கிலத்தின் 'ஐ', போட்டு அச்சடித்து வந்த முகவரி அட்டைகளை முன்பு ஒருமுறை பெட்டியோடு அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினார். தொலைபேசியில் அவர் கத்தியது எனக்கு இப்போதும் ஞாபகம். எங்கள் குடும்பம் முன்னூறு வருடமாக அப்படித்தான் எழுதுகிறது, மற்றவர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் என்றார்.

"உங்கள் அப்பாவின் கல்லில் 'இ' போட்டு வெட்டட்டுமா?" என்று கேட்டேன். "உச்சரிப்பு ஒன்றுதானே. இருபது வருடத்தில் எடுத்துவிடுவார்கள்தானே."

அவர் முகம் சிவந்தது. பதினெட்டு வருடத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வேலை போனால் போகட்டும் என்று நினைக்கவில்லை. போகக்கூடாது என்று பயந்துகொண்டேதான் நின்றேன். ஆனாலும் நகரவில்லை.

"பசை வைத்து நிரப்பி அதற்கு மேல் வெட்டலாம்," என்றார் கடைசியில்.

"ஒரு பனியில் உடைந்துவிடும். உங்களுக்கே தெரியும். கல்லின் முகத்தைச் சீவி முழுதாகப் புதிதாக வெட்ட வேண்டும். என் ஓய்வு நேரத்தில் இல்லை. வேலை நேரத்தில்."

அவர் தன் அறைக் கதவை அடித்துச் சாத்தினார். ஆனால் மதியம் கல்லை எடுத்துவர வண்டியின் திறப்புச் சாவியை என் மேசையில் வைத்திருந்தார்.

இந்தத் தடவை நானே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். கல்லின் முகத்தைச் சீவி முடித்த பிறகு அவர் பட்டறைக்கு வந்தார். ஒட்டியிருந்த ரப்பர் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு கோடு கொஞ்சம் குட்டை என்றார். கத்தியால் வெட்டி நீட்டினோம். முதலாளி எட்டிப் பார்த்து, கணினிப் பிழை காரணமாக நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று, கடிதம் வாசிப்பதுபோல் சொன்னார்.

"கணினிப் பிழை இல்லை," என்றேன். "எனக்குச் சந்தேகம் இருந்தது. உங்களிடம் கேட்காமல் வெட்டினேன்."

முதலாளி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியும்," என்றார். "அன்றைக்கு நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மணலைத் திறந்தேன். அவர் சத்தத்துக்குக் காதைப் பொத்தியபடி, முடியும்வரை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். ரப்பரை உரித்தபோது பீடம் தெளிவாக விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு என் பெயரைத் திருத்தலாமா என்று பதிவு அலுவலகத்தில் விசாரித்தேன். திருத்தலாமாம். ஊர்ப் பிறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, ஏன் திருத்த வேண்டும் என்பதற்கு எழுத்தில் விளக்கம். பிழை விட்டவர் அவர்கள், விளக்கம் எழுதவேண்டியவன் நான். மகளிடம் சொன்னேன். இங்கே பிறந்தவள், தாதியாக வேலை செய்கிறாள்.

"என்ர சேர்ட்டிபிக்கேட் எல்லாத்திலையும் அப்பப்பான்ர பேர்தான் இருக்கு. அதை மாத்த ஏலாது அப்பா," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கட பேரை முழுசா எழுத வையுங்கோ. அந்த விளக்கத்தை நான் எழுதித் தாறன். நீங்கள் எழுதினால் ஏச்சுத்தான் வரும்," என்றாள்.

எழுதிக் கொடுத்தாள். மிகவும் மரியாதையான கடிதம். அனுப்பியிருக்கிறேன்.

பட்டறையில் இப்போது ஒரு புதிய ஒழுங்கு. வேற்று எழுத்தில் கல் கேட்கிற எவரும் ரப்பர் தாளை நேரில் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் வெட்டுவோம். வாடிக்கையாளர்களிடம் முதலாளி இதைப் பெருமையாகச் சொல்கிறார். பெயர் என்பது புனிதமான விஷயம், அதில் நாங்கள் மிகவும் கவனம் என்கிறார். அது அவருடைய யோசனையாம். சொல்லி முடித்துவிட்டு முற்றத்துப் பக்கம் திரும்பி, என் அப்பாவின் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்.