ஏழாவது பெட்டியின் எண்

காலை எட்டே கால். நடனசபாபதி ஏழாவது கண்ட்ரோல் பேனல் பெட்டியின் கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்னத் திரையில் ஓர் எண்ணைப் படித்து நோட்டில் எழுதுகிறார். எழுதியதும் திரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று மறுபடி பார்க்கிறார். பிறகுதான் எட்டாவது பேனல்.

கடலூர் சிப்காட்டில் ஒரு சாய ஆலையில் அவர் கருவிப் பிரிவு டெக்னீஷியன். ஐ.டி.ஐ.யில் படித்தது ஃபிட்டர் வேலை. கண்ட்ரோலரைப் பற்றித் தெரிந்ததெல்லாம், பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்ததுதான்.

ஆலையின் இயந்திரங்களை ஓட்டுவது, பேனலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கண்ட்ரோலர்கள். ஓர் ஊதா நிறக் கேபிள் வழியாக அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். செய்தி சிதைந்து வந்தால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி வாங்கும். உள்ளே பிழைக் கணக்கில் ஒன்று கூடும். ஆலை நிற்காது, மணி அடிக்காது. ஆகவே அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. செய்திகள் தொடர்ந்து சிதைந்தால் மட்டும் கண்ட்ரோலர் அந்தப் பகுதியையே நிறுத்திவிடும்.

“நின்னப்புறம் எல்லாரும் ஓடியாருவாங்க. அதுவரிக்கும் அது சொல்லிகிட்டேதான் இருக்குது” என்பார்.

சிதம்பரத்து வீட்டிலும் இதே வழக்கம். தினசரிக் காலண்டர் தாளில், அன்று எத்தனை முறை மின்சாரம் போனது என்று குறித்து வைப்பார். “நீங்க எண்றத பாத்து கரண்டு வெக்கப்பட்டுகிட்டு வந்துடுமா?” என்பாள் மனைவி மகேஸ்வரி.

தானே புயல் கூரைத் தகடுகளைப் பிய்த்துப் போட்ட பிறகு, 2012 தை மாதம் கேபிள்களை அவசரமாகப் புதிதாக இழுத்தார்கள். ஊதாக் கேபிளின் முனைகளில் கனெக்டர்களைப் பொருத்தியவர் நடனசபாபதி. மாசியில் ஏழாவது பகுதி இரண்டு முறை நின்றது.

“கனெக்டர் லூசு. யாரு போட்டது?” என்றார் எஞ்சினியர் விஜயகுமார்.

“நாந்தான் சார்.”

“இன்னொரு தடவ நின்னா பேனல் வேலைய வெளியாளுங்கிட்ட குடுத்துடுவேன் சபாபதி. நீங்க ஸ்டோருக்குப் போயிடுங்க.”

முனையைக் கழற்றி மறுபடி போட்டார். பிழை எண் ஒரு நாளைக்கு நாற்பது ஏறியது. மூன்றாவது முறையும் போட்டார். அதே நாற்பது. இருபது வருடமாகக் கம்பி சீவிய விரல்களை அவரே சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

எலக்ட்ரீஷியன் அந்தோணிசாமிக்குப் பொறுக்கவில்லை. “ஒரு பட்டன் மச்சான். அமுக்குனா ஜீரோ. ரிப்போர்ட்டு சுத்தமாயிடும்ல.”

“ரிப்போர்ட்டு சுத்தமாயிடும். கேபிளு?”

தனக்கு எதிராகவே ஏறிக்கொண்டிருந்த எண்ணை அவர் தினமும் விடாமல் எழுதினார். ஐந்தாம் நாள்தான் உறைத்தது: ஒரு நாளைக்கு ஒரு முறை பார்த்தால் எவ்வளவு ஏறியது என்று தெரியும், எப்போது ஏறியது என்று தெரியாது. கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பேனலின் முன் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் எண் அசையவில்லை. பதினொன்று இருபதுக்கு ஒரே தாவலாக எட்டு ஏறியது. அதே நொடி வெளியே குளிர்நீர் பம்ப் உறுமி ஓடத் தொடங்கியிருந்தது. அந்தப் பம்ப் ஒரு நாளில் ஐந்து முறை கிளம்பும்.

போனில் அந்தோணிசாமியைப் பிடித்தார். “பம்ப நிறுத்திட்டு திரும்ப ஓட்டு.”

“எதுக்குய்யா?”

“ஓட்டேன்.”

இன்னொரு எட்டு.

இருவரும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள். பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த கேபிளும் ஊதாக் கேபிளும் ஐம்பது அடி தூரத்துக்கு ஒன்றாக வரிந்து கட்டப்பட்டிருந்தன. பம்ப் கிளம்பும்போதெல்லாம் தடித்த கேபிளின் மின் இரைச்சல் ஊதாக் கேபிளில் புகுந்து செய்திகளைச் சிதைத்திருக்கிறது.

அந்தோணிசாமி அந்தக் கட்டை இழுத்துப் பார்த்தார். “நாந்தான்யா கட்டுனேன். புயல் அவசரத்துல வேற எடமில்ல. பக்கத்துல ஒண்ணு போச்சு, அதோட சேத்து கட்டிட்டேன்.”

“நல்லாதான் கட்டியிருக்க. அவுக்க வரல பாரு” என்றார் நடனசபாபதி. அந்த ஐந்து நாளில் அன்றுதான் சிரித்தார்.

மறுநாள் விஜயகுமாரே நின்று ஊதாக் கேபிளைத் தனி வழியில் மாற்ற வைத்தார். “இப்பவாச்சும் அந்த எண்ண ஜீரோ பண்ணிடலாமே” என்றார், கொஞ்சம் தயங்கி.

“இருக்கட்டும் சார். பிழை நின்னுடுச்சான்னு அதுதான் சொல்லணும்.”

அன்று எண் 4318. அடுத்த நாளும் 4318. மூன்றாம் நாள் காலை எட்டே காலுக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதே 4318-ஐப் படித்து, எழுதி, மறுபடி பார்த்தார். பேனலின் கதவைச் சாத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கேன்டீனைப் பார்த்து நடந்தார்.