காற்றை மறித்த பட்டியல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே கணினி ஆசிரியையாகச் சேர்ந்த அன்று, பின்னேரத்துக்குள் உம்மா எங்கள் கடலோர ஊரான கண்டக்குழி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

கணினி அறையில் இணைய வேகம் மிகவும் குறைவு. வகுப்பே ஒரு கடந்தகால வினாத்தாளைத் திறந்தால் எல்லாத் திரையிலும் வட்டம்தான் சுற்றும். பள்ளி அதிபருக்கு வேறு கவலை. "கண்டதெல்லாம் வரும் டீச்சர். பெற்றோர் ஒராள் வந்து முறைப்பாடு சொன்னாலும் இன்டர்நெட்டை வெட்டிடுவன்" என்றார். பிள்ளைகளில் பலருக்கு வேறெங்கும் கணினி இல்லை. அப்படி நடக்க விடக் கூடாது என்று நினைத்தேன்.

மூலையில் கிடந்த பழைய கணினியொன்றைத் தூசி தட்டி எடுத்தேன். மற்ற எல்லாக் கணினிகளும் அதன் வழியாகவே இணையத்துக்குப் போகும்படி செய்தேன். ஒருவர் இறக்கிய வினாத்தாளை அது தன்னிடம் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு உடனே கொடுக்கும். கூடாத பக்கங்களை மறிக்கும். மறிக்க வேண்டியவை வகை வகையாக ஆயத்தப் பட்டியல்களாகவே கிடைத்தன. ஆபாசம், சூதாட்டம் என்று தெரிவுசெய்துகொண்டு போனேன். பாட நேரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார்களே என்று விளையாட்டையும் சேர்த்தேன். முதல் நாள் வினாத்தாள் சட்டென்று திறந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெருமையில் எனக்குத் தலை கூரையில் முட்டியது.

மூன்றாம் நாள் காலை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வாப்பா, சாரமும் தொப்பியுமாக அதிபரின் அறையில் நின்றார். மீன்பிடிக்காரர். என்னையும் கூப்பிட்டார்கள். முறைப்பாடு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஸ்கூல்ல காத்தை நிப்பாட்டிட்டீங்களாமே, சேர்?"

அதிபர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"அது இல்ல சேர், கடல் காத்து. மகள் பின்னேர வகுப்பு முடிஞ்சு வரக்குள்ள காத்து எவ்வளவு, எந்தப் பக்கம் எண்டு உள்ளங்கையில எழுதிக்கொண்டு வரும். ரெண்டு நாளா வெறுங்கையோட வருது. கேட்டா, டீச்சர் மறிச்சிட்டாங்களாம். நான் கடல்ல போட்டை இறக்கவா, வேணாமா?"

ஓடிப்போய்ப் பட்டியலைத் திறந்தேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். காற்றைக் காட்டும் அந்தப் பக்கம் விளையாட்டு வகையில் கிடந்தது. பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். பட்டியல் செய்தவருக்கு அவர்களை மட்டும்தான் தெரியும். கண்டக்குழியில் பிறந்த நானாவது வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். விஷயத்தை இருவரிடமும் சொன்னேன்.

"அப்ப எங்கட தொழில் அவனுகளுக்கு விளையாட்டா?" என்று கேட்டு அவரே சிரித்துவிட்டார்.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் வழிவிட ஒரு வரி எழுதினேன். திறந்தது. அம்புக்குறிகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தவர், "பின்னேரம் இறக்கலாம்" என்றார்.

"வெட்டச் சொல்லித்தான் வருவாங்க எண்டு பயந்தன். இவர் திறக்கச் சொல்லி வந்திருக்கிறார்" என்றார் அதிபர். "சனிக்கிழமையும் அறையைத் திறப்பம் டீச்சர்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கிரிக்கெட்டும் அந்தப் பட்டியல்லதானே? இண்டைக்கு மேட்ச்."

"அது திறக்காது, சேர்."

"எனக்குமா?"

"ஓம் சேர், உங்களுக்கும்தான்."